கதைக்காத பிள்ளைக்கும் வகுப்பில் ஓர் இடம்

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களின் வீடுகளில் ஒரு பை இருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியன அதற்குள் பத்திரமாக இருக்கும். ஓட வேண்டிய வேளை வந்தால் முதலில் கைக்கு வருவது அந்தப் பைதான். சில குடும்பங்கள் அப்பைக்குள் வைக்க வேண்டிய இன்னுமொரு தாளைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகின்றோம். அதை எமக்குக் கற்றுத் தந்தது ஒரு விவசாயக் குடும்பமும், அக்குடும்பத்தில் வாய் திறந்து கதைக்காத ஒரு சிறுவனும் ஆகும்.

அக்குடும்பம் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் கிராமம் ஒன்றைச் சேர்ந்தது. தாய், தகப்பன், அம்மம்மா, மூத்த மகள், இளைய மகன் என ஐந்து பேர். மகன் 2006 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பிறந்தவன். 2008 இன் இறுதியில் இவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். இடம் இடமாக மாறி, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை அடைந்து, 2010 இல் கூரையில்லாத தமது வீட்டுக்குத் திரும்பினர்.

அப்போது மகனுக்கு நான்கு வயது. ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவான். அதில் ஒன்றை யாரும் எடுத்துவிட்டால் தலையை நிலத்தில் அடித்துக்கொண்டு அழுவான். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஷெல் சத்தத்திலே பிள்ளை பயந்து போச்சு. போகப் போகச் சரிவரும்." அவ்வீட்டுக்குச் சென்ற நாமும் அதையே சொன்னோம். எத்தனையோ பிள்ளைகள் அச்சத்தால் வாயடைத்துப் போயிருந்ததை நாம் கண்டிருந்தோம். இவனும் அவர்களில் ஒருவன் என்று எண்ணிவிட்டோம்.

அம்மம்மா மட்டும் அதை ஏற்கவில்லை. "இல்லைப் பிள்ளையள். ஷெல் விழ முன்னமே இவன் இப்பிடித்தான். ஒன்றரை வயசிலேயே கூப்பிட்டால் பார்க்க மாட்டான். பானை மூடியைச் சுத்தவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான்" என்றார். அவருடைய வார்த்தைக்கு நாம் உடனே செவிசாய்த்திருந்தால் ஒன்றரை வருடத்தை அப்பிள்ளை இழந்திருக்க மாட்டான். 2011 இன் இறுதியில்தான் அவனை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். அங்கே பிள்ளைகளுக்கான வைத்தியர் வெகுநேரம் அவனைக் கவனித்து, அம்மம்மா சொன்னவற்றைக் கேட்டு எழுதி, இது ஓட்டிசம் என்றார்.

ஓட்டிசம் என்பது என்ன?

ஓட்டிசம் ஒரு நோயன்று. பிள்ளையின் மூளை வளரும் விதத்தில் பிறப்பிலிருந்தே உள்ள ஒரு வேறுபாடு. பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்பே அதன் அடையாளங்கள் தெரியவரும். இப்பிள்ளைகளுக்குப் பிறருடன் கதைத்துப் பழகுவது கடினம். விருப்பமான பொருளை விரலால் சுட்டிக் காட்டாமல், பெரியவரின் கையைப் பிடித்து அப்பொருளிடம் கொண்டுபோவார்கள். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். வழமை மாறினால் கலங்குவார்கள். சிலருக்குச் சத்தம், வெளிச்சம், மணம், தொடுகை ஆகியன தாங்க முடியாதவை. சிலர் நன்றாகக் கதைப்பார்கள். சிலர் வாழ்நாள் முழுவதும் கதைக்க மாட்டார்கள். ஒருவரைப் போல மற்றவர் இல்லை.

1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் இதனை முதன்முதலில் விரிவாக எழுதினார். பின்னர் சில காலம், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே சொல்லித் தாய்மாரை வருத்தினார்கள். அது பிழை என்று நிறுவப்பட்டுவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998 இல் வெளியான கட்டுரையும் பிழையானது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010 இல் அதனை மீளப் பெற்றுக்கொண்டது. செய்வினை, கண்ணூறு, கிரகதோஷம், தாய் கர்ப்பத்தில் பயந்தது என்று ஊரில் சொல்லப்படுபவையும் காரணமல்ல.

போரின் அச்சத்தால் பேச்சிழந்த பிள்ளைக்கும் இப்பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும். அச்சமடைந்த பிள்ளை அதற்கு முன் வயதுக்கேற்றபடி சிரித்து, கதைத்து, விளையாடி வளர்ந்திருக்கும். நம்பிக்கையானவரிடம் ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்புக் கிடைக்கும்போது பெரும்பாலும் சிறிது சிறிதாகத் தேறும். ஓட்டிசம் உள்ள பிள்ளையின் அடையாளங்களோ அச்சம் வருவதற்கு முன்பே இருந்தவை. இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருக்கவும் கூடும். எனவே சந்தேகம் இருந்தால் "சரிவரும்" என்று காத்திராமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டையும், பிள்ளையைச் சிறு வயதிலிருந்து பார்த்த அம்மம்மாவையோ அப்பம்மாவையோ கூடவே அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

இது அரிதானதும் அல்ல. இலங்கையின் ஒரு அரைநகர்ப் பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. நூறு பிள்ளைகள் படிக்கும் சிறு பாடசாலையிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

முதலாவது பாடசாலை

2012 ஜனவரியில் தாயும் தகப்பனும் மகனை ஊரிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு பெரிய பாடசாலையில் சேர்த்தார்கள். நல்ல பெயர் உள்ள பாடசாலை என்பதால் நாமும் அதையே சொன்னோம். பெரிய பாடசாலையில் வசதி இருக்கும், ஆசிரியர்கள் கூடுதலாக இருப்பார்கள் என்பது எமது எண்ணம்.

வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். தற்காலிகத் தகரக் கொட்டகை. மழை பெய்தால் ஆசிரியரின் குரலே கேட்காது. மகன் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவான். மணி அடித்தால் அலறுவான். இரண்டாம் வாரத்தில் அவனைக் கடைசி வாங்கில் தனியாக இருத்தினார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் இடைவேளையில் அவன் வெளியே போய்விட்டான். பாடசாலைக்கு வேலி இல்லை. பின்புறக் காணியில் சிவப்பு நிற மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன. வீதியால் வந்த ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அடுத்த நாள் அதிபர் தாயைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்லர். மிகவும் பயந்து போயிருந்தார். "அம்மா, உங்கட பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் நான்தான் பதில் சொல்ல வேணும். கதைக்கப் பழகின பிறகு கொண்டு வாங்கோ" என்றார். நீச்சல் பழகிய பிறகு குளத்தில் இறங்கு என்பதைப் போன்ற பேச்சு அது. ஆயினும் தாய் மறுவார்த்தை சொல்லவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அவ்வருடம் முழுவதும் அவன் வீட்டிலேயே இருந்தான். தாய் வயலுக்குப் போவதை நிறுத்தினார். கூலிக்கு ஆள் பிடித்ததில் அந்தப் போகத்து வருமானத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

இரண்டாவது பாடசாலை

அதே வருடம் டிசம்பரில், மூத்த மகளின் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது, தன் தம்பி படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். வீட்டிலிருந்து வாய்க்கால் கரையால் நடந்து போகும் தூரம். முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை ஐம்பது பிள்ளைகள்கூட இல்லை. ஒரே ஆசிரியை முதலாம், இரண்டாம் தரங்களைச் சேர்த்துப் படிப்பித்தார். "அங்கே என்ன இருக்கப் போகுது" என்று நாம் அதுவரை எட்டியும் பார்க்காத பாடசாலை அது.

தாயுடன் நாமும் போனோம். முன்னைய இடத்தில் "இவனுக்கு என்னென்ன ஏலாது" என்று கேட்டு எழுதினார்கள். இந்த ஆசிரியை, "இவருக்கு என்ன விருப்பம் அம்மா?" என்று கேட்டார். தாய்க்கு உடனே பதில் வரவில்லை. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பின்னர், "தண்ணி இறைக்கிற மிசினைப் பார்க்க விருப்பம் ரீச்சர். அது ஓடினால் பக்கத்திலேயே இருப்பான்" என்றார். ஆசிரியை சிரித்துவிட்டு, "எனக்கு இந்த ஓட்டிசத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கள் சொல்லித் தாங்கோ, நான் பழகுவன்" என்றார்.

விடுமுறை நாட்களில் தாய் மகனைக் கூட்டிக்கொண்டு தினமும் அப்பாதையால் நடந்தார். வெறும் வகுப்பறையில் அவன் உலாவினான். எந்த வாங்கு தன்னுடையது என்று அறிந்தான். சுவரோரமாக, வாசலைப் பார்க்காத பக்கமாக அதைப் போட்டார்கள். ஊரவர் சேர்ந்து ஒரு சிரமதானத்தில் கம்பி வேலி அடித்து, கிணற்றுக்கு மூடி போட்டு, படலையும் வைத்தார்கள். அதற்கு ஒரு நாள் உழைப்பும் சில கட்டுக் கம்பியும்தான் செலவு.

2013 ஜனவரியில் அவன் மீண்டும் முதலாம் தரத்தில் சேர்ந்தான். ஆசிரியை கடதாசி மட்டையில் படங்கள் வரைந்து அன்றைய வேலைகளை வரிசையாகத் தொங்கவிட்டார்: பாட்டு, எழுத்து, சாப்பாடு, விளையாட்டு, வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே அந்தப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடுவான். அடுத்தது என்ன என்று தெரிந்ததால் அலறல் குறைந்தது. மணி அடிக்க முன் ஒரு பிள்ளை வந்து அவன் தோளைத் தொடும். அவன் காதைப் பொத்திக்கொள்வான். மூலையில் ஒரு பாய் இருந்தது. கலங்கினால் அதில் போய் இருக்கலாம். அது தண்டனைக்குரிய இடம் அல்ல என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிவப்புப் பலகையைக் கண்டால் நிற்க வேண்டும் என்பதையும் படத்தைக் காட்டி, முற்றத்தில் நடத்திப் பார்த்து, நூறு தடவைக்கு மேல் பழக்கினார். எண்களை அவன் கற்றது நீரிறைக்கும் இயந்திரங்களின் படங்களை எண்ணித்தான்.

எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. ஒருமுறை பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான். அப்பிள்ளையின் தாய் கோபத்துடன் பாடசாலைக்கு வந்தார். ஆசிரியை இரண்டு தாய்மாரையும் இருத்திக் கதைத்தார். முதல் நாள் மதிய உணவின் வரிசை மாற்றப்பட்டதே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. மூன்றாம் தரத்தில்தான் தன் பெயரை எழுதினான். 2017 இல் ஐந்தாம் தரத்தை முடித்தபோது சிறு சொற்களை வாசித்தான்; இருபது, முப்பது சொற்கள் கதைத்தான். புலமைப்பரிசில் பரீட்சை எழுதவில்லை. எழுதும்படி யாரும் வற்புறுத்தவும் இல்லை.

பாடசாலையைப் பார்க்கப் போகும்போது

இக்குடும்பத்துடன் நடந்து நாம் கற்றவற்றைக் கீழே தருகின்றோம்.

1. பாடசாலை நடக்கும் நாளில் போங்கள். இடைவேளை நேரத்திலும் நில்லுங்கள். வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளையையும் அப்படித்தான் நடத்துவார்.

2. வேலி, படலை, கிணறு, வாய்க்கால், வீதி ஆகியவற்றைப் பாருங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வெளியேறுவார்கள். தண்ணீரை நாடிப் போவோரும் உண்டு. இது படிப்புக்கும் முந்திய விடயம்.

3. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு சத்தம், பிள்ளை அமைதியடைய ஒரு மூலை உண்டா என்று பாருங்கள்.

4. பிரம்பு மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே உடல் தண்டனையைத் தடைசெய்தது. ஏன் அடி விழுகிறது என்று விளங்காத பிள்ளைக்கு அடி எதனையும் கற்பிக்காது.

5. விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையானால், அங்குள்ள பிள்ளைகள் காலைக் கூட்டம், விளையாட்டு, சித்திரம் ஆகியவற்றில் மற்றப் பிள்ளைகளுடன் சேருகிறார்களா என்று கேளுங்கள். பயிற்றப்பட்ட ஆசிரியர் இருப்பது பெரும் நன்மை. ஆனால் நாள் முழுவதும் ஓர் அறைக்குள் வைத்திருப்பது மட்டும் கல்வியாகாது.

6. "எனக்குத் தெரியாது, பழகுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியரைக் கண்டு பின்வாங்காதீர்கள். "எல்லாம் எனக்குத் தெரியும், ஆறு மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன்" என்பவரிடம் கவனமாக இருங்கள். ஓட்டிசத்தைக் குணமாக்கும் மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. பொறுமையான பயிற்சி உண்டு.

சட்டம் சொல்வது

பிள்ளையைச் சேர்ப்பது பாடசாலை எமக்குச் செய்யும் தயவு என்று பலர் நினைக்கின்றோம். அப்படியல்ல. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி எவருக்கும் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. கட்டாயக் கல்வி 1998 இலிருந்து 5 முதல் 14 வயது வரைக்கும், 2016 இலிருந்து 16 வயது வரைக்கும் உரியது. கதைக்காத பிள்ளைக்கு இதில் விலக்கு இல்லை. வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது.

ஆகவே அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். கோட்டக் கல்வி அலுவலகத்திலும், பின்னர் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடமும் முறையிடுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரையும் சந்தியுங்கள். 2012 இல் நாம் இவற்றில் எதையும் செய்யாமல் பேசாது திரும்பி வந்தோம். அது எமது தவறு. ஆயினும் ஒன்றை நினைவில் வையுங்கள்: சட்டம் படலையைத் திறந்துவிடும். வகுப்புக்குள் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை எம்முடையது.

அந்த ஒரு தாள்

2015 இல் அந்த ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் நல்ல எண்ணத்துடன் பையனை முன் வாங்கில் இருத்தினார். படங்களைக் கழற்றிவிட்டுச் சுவருக்கு வர்ணம் பூசினார். மூன்று நாட்கள் அவன் கத்தினான். நான்காம் நாள் பாடசாலைக்குப் போக மறுத்தான். மீண்டும் 2012 வந்துவிட்டதோ என்று தாய் நடுங்கினார்.

போகும்போது பழைய ஆசிரியை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். தாய் அதைப் புதிய ஆசிரியையிடம் நீட்டினார். அதில் இருந்தவை இவ்வளவுதான்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்க மாட்டார், முன்னால் போய்க் குனிந்து கதைக்கவும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவும். மணியும் மழையும் பயம். தலையைத் தடவ வேண்டாம். வயிறு நொந்தால் கையைக் கடிப்பார். மலகூடத்துக்குப் போக வேண்டுமானால் படலையைப் பார்ப்பார். கலங்கினால் பாயில் விடவும், கதைக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் வருவார். நீரிறைக்கும் இயந்திரம் விருப்பம்.

புதிய ஆசிரியை அதை இரண்டு தரம் வாசித்தார். அன்று பின்னேரமே படங்கள் மீண்டும் சுவரில் ஏறின.

இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு இந்தத் தாளின் அருமை சொல்லாமலே விளங்கும். ஊர் மாறும், முகாம் மாறும், பாடசாலை மாறும், ஆசிரியர் மாறுவார். மாற்றமே தாங்க முடியாத பிள்ளைக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய இடப்பெயர்வு. தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாத அவனுக்காக அத்தாள் கதைக்கும். இன்றே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். வருடம் ஒருமுறை திருத்துங்கள். ஒரு பிரதி பாடசாலையில் இருக்கட்டும். ஒன்று அந்தப் பைக்குள் இருக்கட்டும்.

அச்சிறுவன் இன்று இளைஞன். சந்தைச் சனத்துக்குள் இப்போதும் நிற்க மாட்டான். அந்நியருடன் கதைக்க மாட்டான். ஆனால் விடியற்காலையில் தகப்பனுடன் தோட்டத்துக்குப் போய் நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்குவான். அதன் ஓசையில் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் தகப்பனுக்கு முன் அவனே போய் நிறுத்திவிடுவான். தாய் மீண்டும் வயலுக்குப் போகிறார். அம்மம்மா இப்போது இல்லை. சென்ற முறை நாம் போனபோது தாய் அந்தப் பையைத் திறந்து காட்டினார். காணி உறுதிக்கும் குடும்ப அட்டைக்கும் நடுவே, பொலித்தீனில் சுற்றி, அக்கொப்பித் தாள் இன்னும் இருந்தது.